பருத்திக்கு உரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பருத்திக்கு உரம் என்று பேச்செடுத்தாலே, "ஏக்கருக்கு எத்தனை மூட்டை?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எதை, எந்த நாளில், மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கும்போது போடுவது என்று கேட்பவர்கள் குறைவு. மூட்டைக் கணக்கைவிட இந்தக் கேள்விகள்தான் காய் எண்ணிக்கையைத் தீர்மானிக்கின்றன. பெரம்பலூர், விருதுநகர், தூத்துக்குடி பக்கத்து மானாவாரிப் பருத்தி, சேலம், தர்மபுரி பக்கத்து இறவைப் பருத்தி, டெல்டாவில் நெல் அறுத்த வயலில் உழாமல் ஊன்றும் நெல் தரிசுப் பருத்தி ஆகிய மூன்றையும் மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

பருத்திச் செடி சத்தை அதிகமாக எடுப்பது எப்போது?

முதல் ஒரு மாதம் செடி மேலே பெரிதாக வளராது. அந்த நாட்களில் வேர்தான் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அப்போது அது எடுக்கும் சத்து மிகக் கொஞ்சம். சப்பை (பூ மொட்டு) வைக்கத் தொடங்கும் 40–45ஆம் நாளிலிருந்து பசி ஏறும். பூத்துக் காய் பிடிக்கும் 60 முதல் 100 நாள் வரையில் உச்சத்தில் இருக்கும். தழைச்சத்திலும் (நைட்ரஜன்) சாம்பல் சத்திலும் (பொட்டாசியம்) பெரும்பகுதியைச் செடி இந்த இடைவெளியில்தான் எடுத்துக்கொள்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காய்கள் பிடித்துவிட்டால் இலை தயாரிக்கும் உணவெல்லாம் காய்க்கே போகும், வேருக்குப் போவது குறையும். புது வேர் விடுவது மந்தமாகும். தேவை உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில் எடுக்கும் திறன் இறங்குகிறது. அதனால் 90ஆம் நாளில் மண்ணில் போடும் உரத்தைவிட 45ஆம் நாளில் போட்ட உரத்துக்குப் பலன் அதிகம்.

சப்பையும் பிஞ்சும் கொட்டுகிறதே, உரம் போதவில்லையா?

இதுதான் எல்லாரையும் கலங்க வைக்கும் கேள்வி. பருத்தி வைக்கும் சப்பைகளில் பாதிக்கு மேல் கொட்டுவது இயல்பு. நன்றாக விளைந்த காட்டிலும் அப்படித்தான். எத்தனை காய்க்குச் சோறு போட முடியுமோ அத்தனையை மட்டும் செடி வைத்துக்கொள்கிறது, மிச்சத்தை உதிர்க்கிறது. பூத்துப் பத்து நாளைத் தாண்டாத பிஞ்சுதான் பெரும்பாலும் விழும். அந்த வயதைக் கடந்த காய் அவ்வளவு சுலபமாகக் கழன்று வராது.

ஆகவே கொட்டுவதைக் கண்டதும் உரக்கடைக்கு ஓடாமல், கீழே கிடக்கும் சப்பைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். துளை இருந்தால் அது புழுவின் வேலை, உரத்தால் தீராது. துளை இல்லையென்றால் கடந்த ஒரு வாரத்து வானிலையை நினைத்துப் பாருங்கள். தொடர்ந்து மேகமூட்டம் இருந்தால் இலைக்கு வெளிச்சம் கிடைக்காமல் உணவு குறைந்திருக்கும். மண் வெடித்துக் கிடந்தாலும், தண்ணீர் தேங்கி நின்றாலும் கொட்டும். செடி உயரமாக, இருட்டுப் பச்சையாக, கீழே வெளிச்சம் புகாமல் அடர்ந்திருந்தால் தழைச்சத்து அதிகமாகிவிட்டது என்று பொருள். அங்கே மேலும் யூரியா போட்டால் கொட்டுவது கூடும். இவை எதுவும் இல்லாமல், செடி வெளிறி இலை சிறுத்திருந்தால்தான் சத்துக் குறையைச் சந்தேகிக்க வேண்டும். அதிலும் போரான் குறை சப்பையையும் பிஞ்சையும் நேரடியாக உதிர்க்கும்.

உதிர்வைக் குறைக்க என்ஏஏ என்ற பயிர் ஊக்கியை 40 பிபிஎம் அளவில் 60, 90ஆம் நாட்களில் தெளிப்பது பழைய பரிந்துரை. கடையில் கிடைக்கும் 4.5 சதக் கரைசல் என்றால் 10 லிட்டருக்கு சுமார் 9 மில்லி. அளவு கூடினால் இலை சுருளும், எனவே மூடியால் குத்துமதிப்பாக ஊற்ற வேண்டாம்.

ஏக்கருக்கு எவ்வளவு உரம்? கணக்கோடு சொல்லுங்கள்.

மண் பரிசோதனை முடிவு கையில் இல்லையென்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரையை எடுத்துக்கொள்ளலாம். இறவை ரகங்களுக்கு ஹெக்டேருக்குத் தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து 80:40:40 கிலோ. ஒட்டுப் பருத்திக்கு 120:60:60. ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் என்பதால், ஒட்டுப் பருத்திக்கு ஏக்கருக்கு 48:24:24 என்று வரும்.

இதை மூட்டையாக்குவோம். மணிச்சத்தை, தழைச்சத்தும் கலந்த டிஏபி உரம் மூலம் கொடுத்தால் 52 கிலோ டிஏபி, அதாவது ஒரு மூட்டைக்குச் சற்று மேல். அதிலேயே 9 கிலோ தழைச்சத்து வந்துவிடும். மீதி 39 கிலோவுக்கு 85 கிலோ யூரியா, 45 கிலோ மூட்டையில் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. சாம்பல் சத்துக்கு 60 சதப் பொட்டாஷ் உரம் 40 கிலோ. டிஏபியில் உள்ள தழைச்சத்தைக் கழிக்க மறந்து முழுக் கணக்குக்கும் யூரியா போடுவது பல இடங்களில் நடக்கிறது. யூரியா மலிவு என்பதால் அது கணக்கில் உறைப்பதில்லை.

மணிச்சத்து மண்ணில் நகராது, அதை முழுவதும் அடியுரமாக வேர்ப்பக்கம் வைக்க வேண்டும். தழைச்சத்தை ஒட்டுப் பருத்திக்கு மூன்றாகப் பிரித்து அடியுரமாகவும், 45ஆம் நாளிலும், 65ஆம் நாளிலும் கொடுக்கலாம். ரகங்களுக்கு அடியுரம் ஒன்று, 40–45ஆம் நாளில் மேலுரம் ஒன்று போதும். சாம்பல் சத்தையும் பாதிபாதியாகப் பிரிப்பது நல்லது.

டிஏபியா, சூப்பர் பாஸ்பேட்டா?

கந்தகம் குறைந்த மண் என்றால் நான் சூப்பர் பாஸ்பேட் பக்கம். 24 கிலோ மணிச்சத்துக்கு அது மூன்று மூட்டை வேண்டும், ஏற்றி இறக்கச் சிரமம்தான். ஆனால் அந்த 150 கிலோவோடு 16 கிலோ கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து வருகின்றன. பருத்தி விதையில் எண்ணெயும் புரதமும் உண்டு, இரண்டுக்கும் கந்தகம் தேவை. வருடக்கணக்காக டிஏபியும் யூரியாவும் மட்டுமே பார்த்த நிலங்களில் கந்தகக் குறை மெல்லத் தலைகாட்டுகிறது. அப்படிப்பட்ட நிலத்தில் டிஏபிதான் போடப்போகிறீர்கள் என்றால் கூடவே ஜிப்சம் போடுங்கள்.

யூரியா கூடப் போட்டால் செடி செழிக்கிறதே, அது நல்லதுதானே?

செடி செழிக்கும். காய் செழிக்காது. பருத்தி இயல்பில் பல்லாண்டுச் செடி, நாம்தான் அதை ஒரு பருவப் பயிராக வளர்க்கிறோம். தழைச்சத்தும் தண்ணீரும் தாராளமாகக் கிடைத்தால் அது காயை மறந்து கிளைவிடப் போய்விடும். முதல் காய் பிடிப்பது தள்ளிப்போகும், அறுவடை நீளும். நீண்ட பயிரில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குக் கொண்டாட்டம். இளசான, சாறு நிறைந்த இலையில் தத்துப்பூச்சியும் அசுவினியும் வெள்ளை ஈயும் குவியும். யூரியாவுக்கு ஒரு செலவு, பிறகு மருந்துக்கு இன்னொரு செலவு.

ஏற்கெனவே போட்டாகிவிட்டது, செடி மார்பளவுக்கு மேலே போகிறது என்றால் நுனியைக் கிள்ளிவிடுங்கள். ரகங்களில் 70–75ஆம் நாளில் 15ஆவது கணுவிலும், ஒட்டுப் பருத்தியில் 85–90ஆம் நாளில் 20ஆவது கணுவிலும் கிள்ளுவது வழக்கம். உணவு பக்கக் கிளைக் காய்களுக்குத் திரும்பும்.

கரிசலில் பொட்டாஷ் தானாகவே இருக்கிறதாமே, போடத்தான் வேண்டுமா?

கரிசல் மண்ணில் சாம்பல் சத்து நிறைய இருப்பது உண்மை. பரிசோதனை முடிவிலும் பெரும்பாலும் "அதிகம்" என்றே வரும். ஆனால் மண்ணில் இருப்பதும், வேண்டிய நேரத்தில் வேண்டிய வேகத்தில் செடிக்குள் போவதும் ஒன்றல்ல. களிமண் துகள்கள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். மண் காய்ந்தால் அதுவும் நின்றுபோகும்.

பழைய ரகங்கள் ஆறு மாதம் நின்று நிதானமாகக் காய்த்தவை. அந்த வேகத்துக்கு மண் கொடுத்தது போதுமானதாக இருந்தது. 2002இல், காய்ப்புழுவைத் தாங்கும்படி மரபணு மாற்றிய பிடி பருத்தி வந்தபின், முதலில் வைத்த சப்பைகளைக் காய்ப்புழு தின்பது குறைந்து, காய்கள் ஒரே மூச்சில் பிடிக்க ஆரம்பித்தன. ஒரு மாத இடைவெளிக்குள் அத்தனை காயும் சாம்பல் சத்தைக் கேட்கும்போது செடி தன் இலையிலிருந்தே உருவிக் கொடுக்கிறது. இலை விளிம்பு மஞ்சளாகி, பழுப்பாகி, பதம் கெட்டு முன்கூட்டியே விழுகிறது. நுனிக் காய்கள் சிறுத்து, சரியாக வெடிக்காமல் நின்றுவிடுகின்றன.

பஞ்சு இழையின் நீளமும் இந்தச் சத்தைச் சார்ந்தது. ஒவ்வோர் இழையும் விதைத்தோலின் ஒரே ஒரு செல். பூத்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்கு மேல் அது நீள்கிறது. உள்ளே சேரும் பொட்டாசியம் தண்ணீரை இழுத்து அழுத்தம் உண்டாக்குவதால்தான் அந்தச் செல் நீள முடிகிறது. அழுத்தம் குறைந்தால் இழை குட்டையாக நின்றுவிடும். என் பரிந்துரை: பரிசோதனையில் "அதிகம்" என்று வந்திருந்தால் மண்ணில் போடும் பொட்டாஷைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காய் பிடிக்கும் காலத்தில் 13-0-45 எனக் கிடைக்கும் பொட்டாசியம் நைட்ரேட்டை 2 சதக் கரைசலாக இரண்டு முறை தெளிப்பதை விடாதீர்கள்.

இலை சிவந்துபோகிறது. என்ன மருந்து அடிப்பது?

முதலில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இளம்பச்சை நிறத்தில் பக்கவாட்டில் நகரும் குஞ்சுகள் தெரிந்தால் அது தத்துப்பூச்சி. அதில் இலை விளிம்பு கீழ்நோக்கி வளைந்து, ஓரம் மஞ்சளாகிப் பிறகு செங்கல் நிறமாகும். பூச்சிக்குத்தான் வைத்தியம், சத்துக்கு அல்ல.

பூச்சி இல்லை, அடி இலைகள் நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு இடையே ஊதா கலந்த சிவப்பாகவும் இருக்கின்றன என்றால் மக்னீசியக் குறை. மக்னீசியம் பச்சையத்தின் நடுவில் இருக்கும் சத்து. குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து பிடுங்கிப் புது இலைக்கு அனுப்பும், அதனால்தான் கீழே முதலில் தெரிகிறது. லிட்டருக்கு 10 கிராம் மக்னீசியம் சல்பேட்டும் 10 கிராம் யூரியாவும் கலந்து, பத்து, பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளித்தால் புதிதாகச் சிவப்பது நிற்கும். சிவந்த இலை மறுபடி முழுப் பச்சையாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாவது வகை, காய்ச் சுமை. செடியில் காய் நிறைந்து, இரவுக் குளிரும் சேரும்போது இலை சிவக்கும். 120 நாளுக்கு மேல், காய்களெல்லாம் முற்றிய பிறகு சிவந்தால் எதுவும் செய்யாதீர்கள், அது முதுமை. 70, 80ஆம் நாளிலேயே சிவந்தால்தான் விளைச்சல் அடிபடும்.

எந்தச் சத்து குறைகிறது என்று பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். குறி அடி இலையிலா, கொழுந்திலா என்பதுதான் முதல் கேள்வி. தழை, மணி, சாம்பல், மக்னீசியம் நான்கும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை, அதனால் அடி இலையில் குறி காட்டும். கந்தகம், இரும்பு, போரான், சுண்ணாம்புச் சத்து ஆகியவை நகரத் தயங்குபவை, கொழுந்தில் காட்டும்.

அடி இலை சீராக வெளிறினால் தழைச்சத்து. கொழுந்து சீராக வெளிறினால் கந்தகம். கொழுந்தில் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் வெளுத்திருந்தால் இரும்பு. சுண்ணாம்புக் கல் கலந்த கரிசலில் இது சாதாரணம். மணிச்சத்துக் குறையைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் செடி வெளிறாது. கரும்பச்சையாகக் குட்டையாக நிற்கும், பூப்பது தாமதமாகும். பக்கத்துக் காட்டோடு ஒப்பிட்டால்தான் புரியும். துத்தநாகம் குறைந்தால் இலை சிறுத்து, கணு இடைவெளி குறுகி, செடி புதர்போல் நிற்கும். அந்த நிலத்துக்கு அடுத்த பருவத்தில் ஹெக்டேருக்கு 50 கிலோ துத்தநாக சல்பேட் அடியுரமாகப் போடலாம், ஆனால் மணிச்சத்து உரத்தோடு கலந்து போடக் கூடாது. போரான் குறையில் இலைக்காம்பைச் சுற்றிக் கரும்பச்சை வளையங்கள் தெரியும். போரானுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே தூரம் குறைவு. பரிந்துரைக்கு மேலே ஒரு பிடிகூட வேண்டாம்.

தெளிப்பு உரம் அடித்தால் மண்ணில் போடுவதைக் குறைக்கலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 2 சத யூரியா என்றால் 4 கிலோ யூரியா. அதில் தழைச்சத்து இரண்டு கிலோகூட இல்லை. பயிர் கேட்பது 48 கிலோ. தெளிப்பு ஒரு நாளும் சாப்பாடு ஆகாது. வேர் தற்காலிகமாக வேலை செய்யாதபோது, அல்லது காய்ச் சுமை உச்சத்தில் இருக்கும்போது கைகொடுக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அதன் பலன் நன்றாகவே தெரியும்.

பல்கலைக்கழகத்தின் காட்டன் பிளஸ் என்ற தெளிப்புச் சத்துக் கலவையை ஏக்கருக்கு இரண்டரை கிலோ வீதம் 200 லிட்டரில் கலந்து, பூக்கும்போது ஒரு முறையும் காய் பிடிக்கும்போது ஒரு முறையும் அடிக்கலாம். டிஏபி தெளிப்பதாக இருந்தால் முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து எடுங்கள். டிஏபி கரைசலில் மக்னீசியம் சல்பேட்டையோ துத்தநாக சல்பேட்டையோ சேர்க்காதீர்கள், திரிந்து அடியில் படிந்துவிடும். நாசிலும் அடைக்கும், காசும் போகும். வெயில் தாழ்ந்தபின் அடிப்பது நல்லது.

மானாவாரிக்கு உரம் போட்டு மழை ஏமாற்றினால் நஷ்டம்தானே?

இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் மானாவாரிக்குப் பரிந்துரையே இறவையைவிடக் குறைவாக வரும். ஆனால் உரமே போடாமல் விடுவது சரியான தற்காப்பு அல்ல. மணிச்சத்தை விதைக்கும்போதே விதைக்கு அருகில், சற்று ஆழத்தில் விழும்படி போட்டால் வேர் சீக்கிரம் கீழே இறங்கும். ஆழ இறங்கிய வேர் பின்னால் வரும் வறட்சியைத் தாங்கும். பொட்டாஷும் இலைத் துளைகளைச் சரியாக மூடித் திறக்க வைத்து நீரைச் சிக்கனப்படுத்துகிறது. சூதாட்டம் யூரியாவில் மட்டும்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, மழை பெய்து மண்ணில் ஈரம் நின்றபிறகு போடுங்கள். காய்ந்த கரிசல் மேல் தூவிய யூரியா, முக்கியமாகக் காரத்தன்மை உள்ள மண்ணில், அமோனியாவாகக் காற்றில் போய்விடும். செடிக்கு ஒரு சாண் தள்ளி வைத்து மண் அணைத்தால் அந்த இழப்பு வெகுவாகக் குறையும்.

நெல் தரிசுப் பருத்திக்கு அடியுரம் எப்படிப் போடுவது?

உழாமல் ஊன்றுவதால் அடியுரத்துக்கு வாய்ப்பில்லை. விதைத்து மூன்று வாரத்தில் முதல் களையெடுத்துத் தண்ணீர் கட்டும்போது மணிச்சத்து முழுவதையும் தழை, சாம்பலில் பாதியையும் செடியருகே குழியில் வைத்து மூடுங்கள். மீதி 40–45ஆம் நாளில். இங்கே ஹெக்டேருக்கு 60:30:30 போதும். குறுகிய காலத்தில் அறுவடை முடிய வேண்டிய பயிர் இது, யூரியாவைக் கூட்டி நாளை நீட்டுவது ஆபத்து.

மழைத் தண்ணீர் தேங்கி, வடிந்தபின் செடி மஞ்சளாகிவிட்டது. உடனே யூரியா போடலாமா?

உடனே வேண்டாம். தண்ணீர் நின்ற மண்ணில் வேருக்குக் காற்று இல்லை, அது எதையும் எடுக்காது. இருந்த தழைச்சத்திலும் ஒரு பகுதி வாயுவாகப் போயிருக்கும். முதலில் வாய்க்கால் வெட்டி வடியுங்கள். இலையில் 1 சத யூரியா தெளியுங்கள். மண் கால் வைக்கும் பதத்துக்கு வந்து, கொத்திவிட்டபின் கொஞ்சம் யூரியாவும் பொட்டாஷும் மண்ணில் கொடுக்கலாம்.

தொழுவுரம் மட்டும் போட்டுப் பருத்தி எடுக்க முடியாதா?

முடியும், எந்தப் பருத்தி என்பதைப் பொறுத்து. கோவில்பட்டிப் பக்கத்துக் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி ஆடு, மாட்டுக் கிடைபோட்ட மண்ணிலும் வண்டல் அடித்த மண்ணிலும் நன்றாகவே விளைந்தது. இன்றும் அதை விரும்பிப் போடுபவர்கள் அப்படியே செய்யலாம். ஆனால் அதே வழியில் ஒட்டுப் பருத்தியிடம் ஏக்கருக்குப் பத்து குவிண்டால் கேட்டால் கிடைக்காது. ஐந்து டன் தொழுவுரத்தில் 25 கிலோ அளவுக்குத் தழைச்சத்து இருக்கும், முதல் பருவத்தில் பயிருக்கு வருவது அதில் ஒரு பங்குதான். அதற்காகத் தொழுவுரத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஈரம் பிடிப்பதும், நுண்சத்து தருவதும், யூரியா வீணாகாமல் தாங்குவதும் அதனால்தான்.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா பலன் தருமா?

தரும். இவை தழைச்சத்தையும் மணிச்சத்தையும் செடிக்குக் கிடைக்கச் செய்யும் நுண்ணுயிர் உரங்கள். விதை நேர்த்தியோடு, மட்கிய தொழுவுரத்தில் கலந்தும் இட்டால் தழைச்சத்தில் கால் பங்கு வரை குறைத்துக்கொள்ளலாம். பூஞ்சாண மருந்தோடு ஒரே நாளில் கலக்கக் கூடாது.

மண் மாதிரி எப்படி எடுப்பது?

பருத்திக்கு 22 செ.மீ. ஆழம், அதாவது ஏறக்குறைய முக்கால் அடி. ஒரு காட்டில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஆங்கில வி எழுத்துபோலக் குழி வெட்டி, ஓரத்தை மேலிருந்து கீழாகச் சுரண்டி எடுங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து அரைக் கிலோ அனுப்பினால் போதும். உரம் போடுவதற்கு முன்னால் எடுங்கள்.

உரத்தால் பஞ்சின் தரம் மாறுமா, விலை கூடுமா?

நீளம் பெரும்பாலும் ரகத்தின் குணம். எம்சியூ 5, சுவின் போன்றவை நீள இழைக்கென்றே தமிழ்நாட்டில் உருவானவை. உரம் அந்தக் குணத்தைக் காப்பாற்றும் அல்லது கெடுக்கும், புதிதாக உண்டாக்காது. இழை நீண்டு முடிந்தபின் உள்ளே செல்லுலோஸ் படிந்து தடிக்க இன்னும் மூன்று வாரம் வேண்டும். இலை முன்கூட்டியே சிவந்தோ காய்ந்தோ விழுந்தால் படிவு நின்று, முற்றாத இழை வரும். அது சாயம் சரியாகப் பிடிக்காது, நூற்கும்போது முடிச்சு விழும். இழையின் தடிமனையும் முதிர்ச்சியையும் காட்டும் மைக்ரோனேர் அளவு 3.5க்குக் கீழே போனால் மில்காரர் விலையைக் குறைப்பார்.

பருத்திமாரை (பறித்து முடிந்த செடித் தண்டை) எரிக்கலாமா?

விற்கும் பஞ்சு கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ். அதோடு நிலத்தின் உரச்சத்து ஏதும் பெரிதாக வெளியே போவதில்லை. தழையும் மணியும் கொட்டையோடு போகின்றன. அந்தக் கொட்டையை மாடு தின்றால் சாணமாகத் திரும்பி வரும். சாம்பல் சத்தில் பெரும்பங்கு மாரிலும் காய்த்தோட்டிலும் நிற்கிறது. அடுப்புக்கு எரித்தால் சாம்பலையாவது காட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டுங்கள், பொட்டாசியம் அதில் தங்கியிருக்கும். காட்டிலேயே எரித்தால் தழைச்சத்தும் கந்தகமும் புகையோடு போகும். டிராக்டரில் பொருத்தும் துகளாக்கும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் பொடித்து உழுவது மேல். ஒன்று மட்டும் கவனம்: கடைசிப் பறிப்பு முடிந்ததும் மாரை அகற்றிவிடுங்கள். வெடிக்காத காய்களோடு கோடை முழுக்க நிற்கவிட்டாலும், வீட்டுப் பின்புறம் அடுக்கி வைத்தாலும், உள்ளே இருக்கும் இளஞ்சிவப்புப் புழு அடுத்த பருவத்துப் பூவுக்கு வந்துவிடும்.